குரலுக்கு ஒரு வளவு

நல்லாங்குளத்தில் உலகம்மாளின் குரல் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு, லோடு ஆட்டோவில் வெங்காயத்தைக் குவித்துக்கொண்டு மேலத்தெருவுக்குள் திரும்பி, வழக்கம்போல மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, பல்லாரி, சின்ன வெங்காயம், நாட்டுப்பூண்டு என்று அவள் கூப்பிட்டபோது. கூப்பிட்டாள், மைக் வேலை செய்தது, கூம்பு ஸ்பீக்கர் அதிர்ந்தது, அதன்மேல் உட்கார்ந்திருந்த மைனா பறந்தும் போனது, ஆனால் மேலத்தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. வாசல் தெளித்துக்கொண்டிருந்த சண்முகக்கனி மட்டும் தற்செயலாக நிமிர்ந்து பார்த்து, "என்ன மைனி, கொட்டகையில பூட்டிட்டானுவளா?" என்றாள். உலகம்மாள் இல்லை என்றாள், கத்திச் சொன்னாள், கடைசியில் சண்முகக்கனியின் மாமியாரையும் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். சண்முகக்கனி சிரித்த முகமாகவே நின்றாள். தெரு நாய்கள் நாலும் ஓடிவந்து வண்டியைச் சுற்றி வாலை ஆட்டின. நாய்களுக்குக் கொட்டகையில் கணக்கு கிடையாது, அதனால் அவற்றுக்கு எல்லாம் கேட்கும்.

கொட்டகை என்றால் சினிமாக் கொட்டகை இல்லை. செல்போனுக்குள் இருக்கிற அந்தப் பெரிய கம்பெனி ஆப்புக்கு நல்லாங்குளத்தார் வைத்த பேர் அது. ஊரே அதற்குள்தான் உட்கார்ந்திருந்தது. காதுகுத்து, சடங்கு, கருமாதி, பால்மாடு விற்பனை, கரண்டு எப்போது வரும், எவன் எவளோடு பைக்கில் போனான், எல்லாம் கொட்டகையில் வந்தால்தான் நடந்ததாக அர்த்தம். அதற்கு ஒரு முதலாளி உண்டு, கடல் தாண்டி இருப்பதாகக் கேள்வி, ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை. யார் பேச்சு யார் கண்ணில் படலாம், எது படக்கூடாது என்று அவர் வைத்திருக்கும் மெஷின் பார்த்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக வாயையும் காதையும் அங்கேயே கொடுத்து வைத்திருந்ததில், என்றைக்கு என்று யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு நாளிலிருந்து, கொட்டகையில் கணக்கு மூடப்பட்டவர்களின் குரல் தெருவிலும் கேட்காமல் போகத் தொடங்கியிருந்தது. மழை பெய்தால் குடை பிடிப்பதுபோல ஊர் அதற்கும் பழகிவிட்டது.

உலகம்மாள் செய்த குற்றத்தையும் சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சரக்கு எடுக்கச் சுரண்டை சந்தைக்குப் போகிறவள், குளத்தங்கரையில் ஒரு ஜேசிபி நிற்பதைப் பார்த்தாள். அது வடக்கு மடையை இடித்துக்கொண்டிருந்தது. மடைதான் குளத்துத் தண்ணீரை வயலுக்கு அளந்து விடுகிற கதவு. அது போனால் தண்ணீர் ஒரே நாளில் ஓடையில் போய்விடும், அடுத்த வருஷம் குளம் பொட்டலாகக் கிடக்கும், பொட்டலாகக் கிடப்பதைக் குளம் என்று எவனும் சொல்லமாட்டான், கல் ஊன்றி மனை போட்டுவிடலாம். வண்டியை விட்டு இறங்கினாள், போனை எடுத்தாள், ஜேசிபியின் நம்பரையும் பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டு நின்ற காண்ட்ராக்டர் அருமைநாயகத்தையும் சேர்த்துப் படம் பிடித்து, "இந்தா பாருங்க, மடைய இடிக்கிறாரு, என் கண்ணு முன்னால இடிக்கிறாரு" என்று தன் குரலிலேயே சொல்லிக் கொட்டகையில் போட்டாள். அருமைநாயகத்தின் ஆட்கள் முந்நூறு பேர் உட்கார்ந்த இடத்திலிருந்தே புகார் பொத்தானை அமுக்கினார்கள். சமூக விதிகளுக்கு மாறானது என்று கொட்டகை ஒரு வரி எழுதிப் பூட்டிவிட்டது. எந்த விதி என்று அது சொல்லவில்லை, கேட்கிறதற்கு ஒரு ஆளும் அங்கே இல்லை.

அடுத்து வரப்போவது அக்டோபர் இரண்டு, கிராமசபை. மடை பழசாகித் தானே விழுந்தது, குளம் பாசனத்துக்குப் பயன்படவில்லை என்று தீர்மானம் எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். ஆட்சேபனை இல்லையென்றால் அது அன்றைக்கே நிறைவேறிவிடும். இடித்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். வடக்கு மடைக்குக் கீழே நாற்பது குடும்பத்துக்கு வயல் இருக்கிறது, அதில் அவளுடைய அரை ஏக்கரும் உண்டு, அந்த அரை ஏக்கரில்தான் அவள் விற்கிற சின்ன வெங்காயம் விளைகிறது. ஊராட்சித் தலைவர் வெள்ளைப்பாண்டியிடம் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சபையில் நேரில் நின்று வாய்விட்டுச் சொல்வதுதான் ஆட்சேபனை, முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். சொல்லும்போதே சிரித்தார்.

ஊர் அவளுக்கு நடந்ததைப் பதறாமல் வாங்கிக்கொண்டது. டீக்கடைக்காரர் தன் மச்சினனுக்கும் போன வருஷம் இப்படித்தான் ஒரு வாரம் பூட்டினார்கள் என்றும், கல்யாணத்தில் தாலி கட்டும்போது அவன் சொன்னதெல்லாம் யாருக்குமே கேட்கவில்லை என்றும், அதனால் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை, பிள்ளை பிறந்துவிட்டது என்றும் ஆறுதல் சொன்னார். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது, இது கணக்குப் பிரச்சினை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். ரேஷன் கடையில் குரலில்லாதவர்களுக்கென்று ஒரு தனி வரிசையே இருந்தது, அதில் கை தூக்கினால் போதும். பள்ளிக்கூடத்து டீச்சர் பழைய சிலேட்டு ஒன்று கொடுத்தார். பூண்டு விற்கிற இன்னொருத்தன் அவள் போகிற தெருவுக்கெல்லாம் அரை மணிக்கு முன்னால் போக ஆரம்பித்தான். அவள் புருஷன் கொம்பையாவைக் கேட்கவே வேண்டாம். முதல் இரண்டு நாள் முகமெல்லாம் பல்லாக இருந்தார், மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை என்றார், நாலாம் நாள் வேண்டுமென்றே செருப்போடு அடுப்படிக்குள் வந்து நின்று அவள் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரக் கடைசியில் அருமைநாயகம் காரை அவள் வண்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார். "ஏ உலகம்மா, ஒண்ணும் பெருசா வேண்டாம். அந்த வீடியோ வச்சிருக்க பாரு, அத அழிச்சிரு. தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. என் மருமவனுக்குக் கம்பெனியில ஆள் இருக்கு. நாளைக்குச் சாயந்தரம் ஒன் சத்தம் ஒனக்கு வந்துரும்."

உலகம்மாள் சிலேட்டை எடுத்து, வெங்காயம் வேணுமா என்று எழுதிக் காட்டினாள். வேண்டாம் என்றார். அழித்துவிட்டு, அப்ப வண்டிய மறைக்காதீங்க அண்ணாச்சி என்று எழுதிக் காட்டினாள். அவர் ஹார்ன் அடித்துக்கொண்டே பின்னால் எடுத்துப் போனார்.

வீம்பாக எழுதிவிட்டாளே தவிர, அதற்குமேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் சுரண்டை சந்தையில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, "எக்கா, ஒங்களையும் பூட்டிட்டானுவளாமே" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினால் மாவு மில் ரெஜினா. இரண்டு வருஷமாக உலகம்மாளிடம் சைகை காட்டியே பூண்டு வாங்குகிற பெண், பிறவி ஊமை என்றே இவள் நினைத்திருந்தாள், பாவம் என்று ஒரு கைப்பிடி கூடுதலாகவும் போடுவாள். இப்போது அந்த ரெஜினா கணீரென்று பேசினாள். பள்ளிக்கூடத்துக் கக்கூசைப் பற்றி எழுதியதற்காகத் தன்னைப் பூட்டிவிட்டார்கள் என்றாள். வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் பேசுவது கேட்கும், உள்ளே இருக்கிறவர்கள் பேசுவதும் கேட்கும், உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான் இவர்கள் பேச்சு கேட்காது. உலகம்மாள் நிமிர்ந்து சந்தையைக் கேட்டாள். போன வாரம் சரக்கெடுக்க வந்தபோது இல்லாத குரல்கள் முப்பது நாற்பது அங்கே இருந்தன, பேரம் பேசின, பாட்டுப் பாடின, ஒருத்தர் கொட்டகை முதலாளியை ஏழு தலைமுறைக்கும் சேர்த்து வைதுகொண்டிருந்தார்.

ரெஜினா அவளை மில்லுக்குக் கூட்டிப்போனாள். மிளகாய் அரைக்கிற மெஷினுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் முக்காலிமேல் ஒரு கம்ப்யூட்டர் டப்பா, அதற்கென்று தனியாக ஒரு மின்விசிறி. இதுதான் என் வளவு என்றாள். நாலைந்து வீடு ஒரே வாசலுக்குள் இருந்தால் நம் பக்கத்தில் வளவு என்கிறோமே, அதேதான். இந்த டப்பாவுக்குள் இருநூற்றுச் சொச்சம் பேர் குடியிருக்கிறார்கள், வாசல் கதவு தன் பொறுப்பு, சண்டை வந்தால் விலக்கிவிடுவதும் தன் பொறுப்பு. இதைப்போல உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான வளவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர், ஒவ்வொன்றுக்கும் அதன் சட்டம், எல்லாவற்றுக்கும் மேலே முதலாளி என்று ஒருத்தன் கிடையாது. ஒரு வளவில் குடியேறி, இன்னொரு வளவில் இருக்கிற ஆளுக்குக் காதைக் கொடுக்கலாம். கொட்டகையில் இருக்கிற ஒருத்தர் அதை விட்டுவிட்டு வரவேண்டும் என்றுகூட இல்லை, ஏதாவதொரு வளவில் ஒரு காலை ஊன்றி உலகம்மாளுக்குக் காதைக் கொடுத்தால் தெருவில் அவள் பேசுவதும் அவருக்குக் கேட்கும் என்றாள். ஊர்ப் பேரைச் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் அடையாளம் தெரியும் என்பதுபோல, வளவுப் பேரையும் சேர்த்துத்தான் பேர் சொல்லவேண்டும் என்றாள். முக்கியமான ஒன்று இருக்கிறது, ஒரே ஒரு வளவில் குடியேறினால் போதும் என்று அவள் சொல்லத் தொடங்கியபோது உலகம்மாள் எழுந்து வண்டியைக் கிளப்பியிருந்தாள்.

தெருத்தெருவாக விற்கிறவள் அவள். இருபது வருஷத் தொழிலில் அவள் கற்றது ஒன்றே ஒன்று, எந்தத் தெருவையும் விடக்கூடாது, ஒரு தெருவை விட்டால் அந்தத் தெருக்காரிகள் முகம் கோணுவார்கள், அப்புறம் ஜென்மத்துக்கும் வாங்கமாட்டார்கள். அதனால் வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து, கண்ணில் பட்ட ஐந்து வளவிலும் பேரைப் பதிந்துவிட்டாள். எண்பதாயிரம் பேர் நெரிந்துகொண்டிருந்த ஒரு பெரிய வளவு, பறவைப் படம் போடுகிறவர்களின் வளவு, சுத்தத் தமிழ்க் கவிஞர்களின் வளவு, சென்னைக் கம்ப்யூட்டர்காரர்களின் மரியாதையான வளவு, கடைசியாக ரெஜினாவின் மாவு மில் வளவு. எங்கே ஆள் இருக்கிறதோ அங்கே தானும் இருக்கிறேன் என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தாள்.

சாப்பிட்டு எழுவதற்குள் அவள் குரல் ஐந்தாகப் பிரிந்துவிட்டது. பெரிய வளவுக்கு அவளுடைய விலை கூவுகிற குரல் போனது. பறவை வளவுக்குச் சிரிப்பு போனது, அங்கே இருந்தவர்கள் அது என்ன பறவை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கவிஞர்கள் வளவுக்குக் குசுகுசுப்பும், கம்ப்யூட்டர்காரர்கள் வளவுக்கு பேங்க்கில் போய் நின்றால் சரிங்க சரிங்க என்று பேசுகிற குரலும், மாவு மில்லுக்கு வசவும் போய்ச் சேர்ந்தன. மடையை இடித்த விஷயத்தை அவள் சொல்லிப் பார்த்தாள். வடக்கு என்பது ஓரிடத்திலும், மடை என்பது ஓரிடத்திலும், இடித்தது என்பது இன்னோரிடத்திலும் விழுந்தது, அருமைநாயகம் என்கிற பேர் மட்டும் கவிஞர்கள் வளவில் ரகசியமாக விழுந்தது, அவர்கள் அதைக் கவிதை என்று நினைத்துக் கைதட்டினார்கள். முழு வாக்கியம் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

ரெஜினா நேரில் வந்து திட்டினாள். முழுதாகக் கேட்காமல் ஓடினால் இப்படித்தான் என்றாள். தெரு வேறு, வீடு வேறு. தெருவில் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம், படுக்கிறது ஒரு வீட்டில்தான், ஒரு வளவில் குடியிருந்துகொண்டே மற்ற எல்லா வளவுக்காரர்களோடும் பேசலாம் என்கிறபோது எதற்காக அஞ்சு வாடகை என்றாள். தப்பில்லை, புதுசாக வருகிறவர்கள் பாதிப்பேர் இதைச் செய்கிறார்கள், குடிமாறிக்கொள்ளலாம், மூட்டை முடிச்சு பின்னாலேயே வரும், எந்த வளவு வேண்டும் என்று யோசித்துச் சொல் என்றாள்.

உலகம்மாள் ஒவ்வொரு வளவின் வாசலிலும் போய் நின்று யோசித்தாள். பெரிய வளவில் கத்தினால் யார் காதில் விழுந்தது என்றே தெரியவில்லை. கவிஞர்கள் அவள் பேசுகிற தமிழைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஊர்ச் சண்டை இங்கே வேண்டாம் என்று வாசலிலேயே எழுதிவைத்திருந்தார்கள். பறவைக்காரர்கள் பறவையைத் தவிர எதைப் பேசினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாவு மில் வாசலில் நாலே வரி இருந்தது: யாரையும் சாதி சொல்லிப் பேசாதே, பொய் சொல்லாதே, ரத்தம் கிடக்கிற படம் போட்டால் முன்கூட்டியே சொல்லு, கரண்டு போனால் அரை மணி நேரம் பொறு. இங்கதான் என் வாய்க்கு இடம் இருக்கு என்று அவள் அங்கே மூட்டையை இறக்கினாள். மறுநாள் காலை பத்து மணிக்குச் சிரிப்பு வந்து சேர்ந்தது, மத்தியானம் விலைக்குரல் வந்தது, காபி நேரத்துக்கு பேங்க்குக் குரலும் வந்துவிட்டது. குசுகுசுப்பு மட்டும் வழியில் எங்கோ தொலைந்துபோனது. அன்றிலிருந்து உலகம்மாளால் ரகசியம் பேச முடியாது, எதைச் சொன்னாலும் முழுச் சத்தத்தில்தான் வரும்.

குடியேறியதும் அவளுக்குப் பெரிய ஏமாற்றம். வளவு ஈயாடாமல் கிடந்தது. கொட்டகையில் போனைத் திறந்தால் போதும், அழுகை, சண்டை, சேலை விளம்பரம் எல்லாம் தானாக வந்து விழும். இங்கே விடியற்காலை முற்றம்போல வெறிச்சென்று இருந்தது. ஆளில்லாத வளவில் கொண்டுவந்து அடைத்துவிட்டாயே என்று ரெஜினாவிடம் சண்டைக்குப் போனாள். இங்கே யாரையும் யார் முன்னாலும் யாரும் தூக்கிக்கொண்டுவந்து வைப்பதில்லை, நீங்கதான் கதவைத் தட்டணும், முதலில் நீங்க யார் என்று சொல்லுங்க என்றாள் ரெஜினா. அதைக் கேட்டதும் உலகம்மாளுக்கு ஒரு தெம்பு வந்தது, கதவைத் தட்டுவது அவளுக்குத் தெரியாத வேலையா என்ன. "நான் நல்லாங்குளம் உலகம்மா, மாவு மில் வளவு. வெங்காயம் விக்கேன். எங்க குளத்து மடைய இடிச்சத நான் பாத்தேன். பாத்தேன்னு சொன்னதுக்கு என் வாயப் பூட்டிட்டானுவ. நான் இன்னும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்." குளம் என்றும் வெங்காயம் என்றும் இரண்டு அடையாளச் சீட்டையும் அதில் ஒட்டினாள், அந்தச் சீட்டைப் பிடித்துத் தேடுகிறவர்கள் வந்துசேர்வார்கள் என்று ரெஜினா சொல்லியிருந்தாள். வந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து ஒருத்தி தங்கள் குளத்தையும் இப்படித்தான் தூர்த்தார்கள் என்றாள். மஸ்கட்டில் சமையல் வேலை பார்க்கிற ஒருத்தர் சின்ன வெங்காயம் அழுகாமல் வைப்பது எப்படி என்று கேட்டார். பறவைக்காரர்கள் வளவிலிருந்து நாமக்கோழி என்ற பேரில் ஒருத்தர், நல்லாங்குளத்தில் தண்ணீர் வற்றுவது தனக்கும் தெரியும் என்று ஒரே வரி எழுதிவிட்டு மறைந்துவிட்டார்.

உலகத்தில் ஆள் சேர்ந்தார்கள், உள்ளூரில்தான் சேரவில்லை. சபையில் காதுள்ளவர்கள் வேண்டுமே. உலகம்மாள் வெங்காய வண்டியோடும் சிலேட்டோடும் வீடு வீடாகப் போனாள். முதலில் வந்தவர் கொம்பையா. வளவில் கால் வைத்து, பொண்டாட்டிக்குக் காதைக் கொடுத்ததும், ஒன்பது நாள் சேர்த்துவைத்திருந்த வசவு மொத்தமாக அவர்மேல் இறங்கியது. அடுப்படியில் நின்றபடியே கேட்டார், கண் கலங்கிவிட்டது, "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றார். அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டார். சண்முகக்கனி வெங்காய விலை காதில் விழாமல் தவித்துப்போய் வந்தாள், அன்றைக்கு வண்டி வந்தபோது மைனி தன்னைப் பார்த்து என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ளவும் வந்தாள், உலகம்மாள் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் கூட்டம் எங்கே போகிறதோ அங்கே போகிறவர், வந்தார். மடைக்குக் கீழே வயல் இருக்கிறவர்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள், வந்தவர்களில் சிலர் தாங்களும் அன்றைக்குப் புகார் பொத்தானை அமுக்கியதாக ஒத்துக்கொண்டார்கள், ஏன் அமுக்கினீர்கள் என்றால் அமுக்கச் சொன்னார்கள், அமுக்கினோம் என்றார்கள். உலகம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது, அவர்களை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள், வைதுவிட்டு வாசலைக் காட்டி உள்ளே விட்டாள். இதற்கிடையில் அருமைநாயகத்தின் ஆட்கள் தங்களுக்கென்று ஒரு வளவைக் கட்டிக்கொண்டு அங்கிருந்து கல்லெறிந்தார்கள். ரெஜினா அந்தத் திசைக்கு இருந்த கதவை இழுத்துச் சாத்திவிட்டு மிளகாய் அரைக்கப் போய்விட்டாள்.

அக்டோபர் இரண்டு வந்தது. சமுதாயக்கூடத்தில் நாற்காலி போட்டு, தலைவர் வெள்ளைப்பாண்டி நடுவில் உட்கார்ந்தார், பக்கத்தில் அருமைநாயகம் விருந்தாளியாக உட்கார்ந்தார், ஓரத்தில் ஊராட்சிச் செயலர் சுடலைக்கண்ணு தீர்மான நோட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே போனை நிறுத்திவைத்து, கூட்டத்தைக் கொட்டகையில் நேரலையாக ஓடவிட்டிருந்தார்கள். தலைவர் தீர்மானத்தைப் படித்தார். ஆட்சேபனை உண்டா என்று கேட்டார்.

உலகம்மாள் எழுந்து, "உண்டு" என்றாள். "வடக்கு மடைய அருமைநாயகம் ஜேசிபி வச்சு இடிச்சத என் கண்ணால பாத்தேன். அது தானா விழல."

தலைவர் கூட்டத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். சத்தம் எதுவும் இல்லை, ஆகவே ஆட்சேபனை இல்லை என்றார். அப்போது சண்முகக்கனி எழுந்து உலகம்மாள் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னாள். அவள் இன்னும் கொட்டகையிலும் இருந்ததால் தலைவருக்கு அது கேட்டது, முகம் சுருங்கியது. அருமைநாயகம் போனை எடுத்து, அந்த வாக்கியத்தை எவன் சொன்னாலும் அமுக்குங்க என்று தன் ஆட்களுக்கு எழுதினார். முந்நூறு விரல்கள் அமுக்கின. சண்முகக்கனியின் குரல் தலைவருக்கு நின்றுபோனது. கொம்பையா எழுந்து சொன்னார், அவர் குரலும் நின்றது. டீக்கடைக்காரர் சொன்னார், நின்றது. மடைக்குக் கீழே வயல் இருக்கிறவர்கள் வரிசையாக எழுந்தார்கள், அதே வாக்கியத்தை ஒருத்தர் விட்ட இடத்தில் ஒருத்தர் எடுத்தார்கள், பயந்தவர்கள் பயந்துகொண்டே சொன்னார்கள், நாற்பத்தேழு பேர் சொல்லி முடித்தபோது வெள்ளைப்பாண்டிக்குக் கேட்டதெல்லாம் மின்விசிறிச் சத்தமும் அருமைநாயகம் மூச்சு விடுகிற சத்தமும்தான். எதிரே கூடம் நிறைய வாய்கள் அசைந்தன. அவருக்கு வியர்த்தது, ஆனாலும் மனசைத் தேற்றிக்கொண்டு, ஆட்சேபனை இல்லை என்று எழுதும் செயலரே, எழுதிக் கொடும் என்றார்.

செயலர் சுடலைக்கண்ணு குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பத்து வருஷமாகத் தலைவர் சொன்னதைத் தவிர ஒரு எழுத்தும் கூட எழுதியிராதவர். சம்பள நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் காலையில் குளத்தங்கரையில் நின்று நாமக்கோழியைப் படமெடுக்கிறவர், அந்தப் பேரில்தான் பறவைக்காரர்கள் வளவில் குடியிருக்கிறார், அங்கிருந்து உலகம்மாளுக்குக் காதைக் கொடுத்து வைத்திருக்கிறார் என்பது பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. அவருக்கு எல்லாம் கேட்டது. கேட்டதையெல்லாம் எழுதினார். எழுதி முடித்து நோட்டைத் தலைவரிடம் நீட்டினார்.

கையெழுத்துக்கு முன்னால் எழுதியதைச் சபைக்குப் படித்துக் காட்டவேண்டும் என்பது முறை, தலைவர் முறை தவறாதவர். வழக்கமாக எழுதுவதுதானே இருக்கும் என்கிற எண்ணத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நேரலைப் போனைப் பார்த்து, ராகமாகவே படிக்கத் தொடங்கினார். "ஆட்சேபனை. வடக்கு மடையை அருமைநாயகம் ஜேசிபி வைத்து இடித்ததை என் கண்ணால் பார்த்தேன், அது தானாக விழவில்லை என்று உலகம்மாளும் மற்றும்..." என்று வரும்வரை, தான் என்ன படிக்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அருமைநாயகத்துக்கு உறைத்தது, ஆனால் அவர் போனை எடுப்பதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. சொல்கிறது யார் என்று பார்க்கச் சொல்லி அந்த முந்நூறு பேருக்கும் யாரும் சொல்லவில்லையே, வாக்கியத்தைக் கேட்டார்கள், அமுக்கினார்கள். கொட்டகை வெள்ளைப்பாண்டியின் கணக்கை மற்றும் என்கிற இடத்திலேயே பூட்டியது.

பூட்டிய அந்த நொடியில் ஊரின் சத்தம் முழுவதும் அவர் காதுக்குள் வந்து விழுந்தது. நாற்பத்தேழு பேரும், அவர்கள் மடியிலிருந்த பிள்ளைகளும், அவர் கண்ணெதிரே ஒரு வருஷமாக இரண்டு வருஷமாக ஊமைகளாக நடமாடிக்கொண்டிருந்தவர்களும், அவரை இத்தனை நாள் என்னவெல்லாம் சொல்லி வைதார்களோ அதுவும் சேர்ந்து கேட்டது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாக் குரலுக்கும் மேலே உலகம்மாளின் குரல் வந்தது.

"தலைவரே, இப்ப கேக்கா?"

"கேக்கு" என்றார் வெள்ளைப்பாண்டி. அருமைநாயகம் அவர் தோளைத் தொட்டு, என்ன முடிவு, என்ன முடிவு என்று கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் அவரிடம் ஏதோ சொன்னார், சத்தம் போட்டுச் சொன்னார், அருமைநாயகத்துக்கு அது எட்டவில்லை. கொட்டகைக்கு மட்டுமே காதைக் கொடுத்துவிட்டு அந்தக் கூடத்தில் மிச்சம் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

"அப்ப கையெழுத்தப் போடும்" என்றாள் உலகம்மாள். "போட்டுட்டு அடுத்த தீர்மானத்தப் படியும். இடிச்ச மடைய இடிச்சவரே கட்டித் தரணும், ஐப்பசி மழைக்கு முன்னால கட்டித் தரணும்."

வெள்ளைப்பாண்டி கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் போட்டார்கள், போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். இரண்டாவது தீர்மானத்தைச் செயலர் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். அதைத் தன் வாயால் சொன்னால் அருமைநாயகத்துக்குக் கேட்காது என்பதால், உலகம்மாள் நோட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மேலிருந்து கீழே வாசித்தார். கடைசி வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தார்கள்.